கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள்

என் அப்பா தங்கவேல் பஸ் கண்டக்டர். பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ஓடும் 29சி அவருடைய வண்டி. விடியற்காலை நாலு மணிக்கு சைதாப்பேட்டை வீட்டிலிருந்து கிளம்பினால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். லீவு கேட்டால் லேசில் கிடைக்காது, அவரும் கேட்க மாட்டார். அதனால் எங்கள் பள்ளிக்கூட விஷயங்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் நாள் இரவே ஒரு முழு வெள்ளைத் தாளில், கீழே வலது மூலையில், தன் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுவார். மேலே என்ன தேவையோ அதை நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். லீவ் லெட்டர், சுற்றுலாவுக்குச் சம்மதக் கடிதம், தொலைந்துபோன ஐடி கார்டுக்கு மன்னிப்பு, எல்லாமே அந்தக் கையெழுத்துக்கு மேலேதான் எழுதப்பட்டன. எங்கள் தெருவில் டிரைவர், கண்டக்டர் வீடுகள் நிறைய. எல்லா வீட்டிலும் இதே பழக்கம்தான்.

1997 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, அப்படி ஒரு தாளோடு நானும் என் தங்கை கயல்விழியும் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தோம். கயல் அங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சேரும்போது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை தபாலில் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு அழைப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும். கையில் அசல் சான்றிதழ்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

திங்கட்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் சான்றிதழ்களைக் கடனாக வாங்கி வருவது, இடம் கிடைத்தால் இங்கே விட்டுவிடுவது, கிடைக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கேயே படிப்பது. வீட்டில் முடிவானது இதுதான். ஆபீஸில் கடிதத்தை எந்த மாதிரி கேட்பார்கள் என்று தெரியாததால் அப்பா வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

சூப்பிரண்டென்ட் ராஜகோபாலன் நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு முடியாது என்று தலையாட்டினார்.

"கடனா குடுக்கற வழக்கமே இல்லைம்மா. போன வருஷம் மூணு பேர் அப்படித்தான் வாங்கிண்டு போனா. ஒருத்தியும் திரும்பி வரலை. மூணு சீட்டும் வருஷம் பூரா காலியாக் கிடந்தது. வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த குழந்தைகள் அழுதுண்டு போச்சு. இந்த வருஷம் கூடவே கூடாதுன்னு பிரின்சிபால் சொல்லிட்டா."

"திங்கக்கிழமை சாயங்காலமே கொண்டாந்து குடுத்துடறேன் சார்," என்றாள் கயல்.

"நீ குடுத்துடுவே. எல்லாரும் உன்னாட்டமே இருக்காளா? வேணும்னா அட்மிஷனைக் கேன்சல் பண்ணிட்டு எடுத்துண்டு போ. அப்பா கையெழுத்தோட ஒரு லெட்டர். இன்னிக்கு நாலு மணிக்குள்ள."

"நாலு மணிக்கு மேல வந்தா?" என்று நான் கேட்டேன்.

"நாலு மணிக்கு ரெஜிஸ்டரை மூடறேன். சர்டிபிகேட் எல்லாம் சரிபார்க்க யுனிவர்சிட்டிக்குப் போயிடும். திரும்பி வர ஒரு மாசம். ஆத்துல பெரியவா யாரும் வரலையா?"

"நான்தான் அண்ணன் சார்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தி.நகரில் ஒரு பேஜர் கம்பெனியில் இரவு ஷிப்ட் வேலை. யாராவது போன் செய்து செய்தி சொல்வார்கள், அதை டைப் செய்து உரியவருடைய பேஜருக்கு அனுப்ப வேண்டும். காலை ஆறு மணிக்கு முடிந்து, வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, அதே சட்டையில் வந்திருந்தேன். பெரியவன் மாதிரி இருந்திருக்க மாட்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. கயல் வகுப்புக்குப் போய் மத்தியானத்துக்கு அனுமதி வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பெஞ்சின் மறு முனையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண், மடியில் பிளஸ் டூ இயற்பியல் புத்தகம். பரீட்சை முடிந்து நாலு மாதம் ஆன புத்தகத்தை எதற்குப் படிக்கிறாள் என்று தெரியவில்லை.

"தம்பியும் வெயிட்டிங் லிஸ்டா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல பாய். தங்கச்சி இங்க படிக்குது. ஒரு லெட்டர் விஷயம்."

"குடுத்து வச்சவங்க. நம்ம பொண்ணு சிம்ரா, பிசிக்ஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணாம் நம்பர். எட்டு நாளா வர்றோம். இன்னிக்குக் கடைசி நாளு. யாராவது ஒருத்தர் இன்ஜினியரிங் போவாங்கல்ல? ஒருத்தர் போதும் நமக்கு."

அவர் பெயர் அப்துல் வஹீத். ராயப்பேட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுக்கும் கடை. இந்தக் கல்லூரியின் வட்ட சீலே தான் செய்ததுதான் என்றார். "அந்த சீல் வச்ச பேப்பர்தான் நமக்கு வரமாட்டேங்குது" என்று சிரித்தார். அந்தப் பெண் புத்தகத்திலிருந்து நிமிராமல், "அத்தா, எல்லார்கிட்டயும் இதையே சொல்லாதீங்க," என்றாள்.

"கிடைக்கலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"கரஸ்ல, தபால்லயே பி.ஏ. படின்னு வீட்ல சொல்றாங்க. அதுல லேப் கிடையாதாமே. இதுக்கு லேப்தான் வேணும். போன வருசம் வீட்டு ரேடியோவப் பிரிச்சுப் போட்டுச்சு."

"திரும்ப மாட்டினேன்ல," என்றாள் சிம்ரா.

"மாட்டுச்சு. ஒரே ஸ்டேசன்தான் கேக்குது."

எனக்கு எழுந்து போகத் தோன்றியது. போகவில்லை. அவர்களுக்கு வேண்டிய அந்த ஒருத்தர் எங்கள் வீட்டுப் பெண்தான் என்று சொல்லவும் இல்லை. சொல்வதற்கு அப்போது எதுவும் முடிவாகியிருக்கவில்லை.

கயல் திரும்பி வந்ததும் அவளைக் கேட் பக்கம் கூட்டிப் போனேன்.

"எழுதுண்ணா," என்றாள். "கேன்சல் லெட்டர். நீ எழுதுறியா, நான் எழுதட்டுமா?"

"நைனா எதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு?"

"கடனா வாங்குறதுக்கு."

"அப்ப அதுக்குத்தான் அந்தக் கையெழுத்து. வேற எதையும் அதும் மேல நான் எழுத மாட்டேன்."

அவளுக்குக் காரணம் தெரியும். 1990இல் நான் காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். மெக்கானிக்கல் எடுக்கச் சொன்னவர் எதிர் வீட்டுக்காரர். தமிழில் படித்துவிட்டுப் போன எனக்கு அங்கே முதல் நாள் முதல் மணி நேரமே புரியவில்லை. இரண்டு வருடத்தில் பதினோரு பாடம் பாக்கி. அப்பா தன் வண்டியில் தினமும் வரும் ஆட்களிடமெல்லாம் பையன் இன்ஜினியருக்குப் படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் அப்போது அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இரண்டு மிச்சம் இருந்தது. அதில் ஒன்றில், குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகன் நெடுஞ்செழியன் படிப்பை நிறுத்திக்கொள்கிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேற்கு மாம்பலத்தில் ஒரு மேன்ஷனில் தங்கி, ஒரு பிரஸ்ஸில் ராத்திரி வேலைக்குப் போனேன். நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பார்க்க ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறார். வார்டன் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். கீழே இருந்தது தன் கையெழுத்துதான் என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடுவதை அன்றோடு விட்டுவிட்டார். கயல் தன் லீவ் லெட்டரைக்கூட முழுதாக எழுதி, அவர் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்க முடிந்தது. ஐந்து வருடம் கழித்து முதல் முறையாக முந்தின நாள் இரவுதான் போட்டிருந்தார். தாளை என்னிடம் தராமல் கயல் கையில் கொடுத்தார்.

"சரி, இன்னா பண்ணலாம் சொல்லு," என்றாள் கயல். "நாலு மணி ஆச்சுன்னா திங்கக்கிழமை நான் போவ முடியாது."

"போனா மட்டும் கிடைச்சுடுமா? உன் ரேங்க்குக்கு கம்ப்யூட்டர் வாசல்ல கூட நிக்க முடியாது."

"கம்ப்யூட்டர் யாரு கேட்டா? எனக்கு சிவில். முன்னாடி போறவங்க எல்லாம் கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸுன்னு எடுத்துக்கினு போயிடுவாங்க. சிவிலை யாரும் சீண்ட மாட்டாங்க. எங்கயாவது ஒரு ஓரத்துல இருக்கும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உத்தரவாதம் இல்லை. எல்லாக் கல்லூரி இடங்களையும் ஒரே இடத்தில் வைத்து ரேங்க்படி கூப்பிட்டுக் கொடுக்கும் முறை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. எந்த ரேங்க்குக்கு எது வரைக்கும் வரும் என்று சொல்லப் பழைய கணக்கு யாரிடமும் இல்லை.

சிவில் பைத்தியம் அவளுக்குப் பிளஸ் ஒன்னில் பிடித்தது. அவள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் திருமயிலை ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்தார்கள், கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயிலுக்கு. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் அங்கே நின்று ஆட்களை விரட்டுவாளாம். ஒருநாள் போட்ட கான்கிரீட்டை முழுக்க உடைக்கச் சொல்லிவிட்டாளாம். மேஸ்திரி கெஞ்சியும் கேட்கவில்லையாம். இதைக் கயல் வீட்டில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். அப்பா ஒவ்வொரு தடவையும், "டீச்சர் வேலைக்குப் போனா நீயே நாப்பது பேரை வெரட்டலாம்," என்பார்.

"நைனாகிட்டயே கேட்டுடலாம்," என்றேன். "வண்டிய புடிப்போம்."

ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் ராத்திரி முழுக்கச் செய்தி அனுப்புகிறேன். என் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க லஸ் கார்னர் ஸ்டாப்பில் வெயிலில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் வந்த 29சியில் வேறு கண்டக்டர். ஓடிப்போய்க் கேட்டேன்.

"தங்கவேலு வண்டியா? பின்னால வருது. நுங்கம்பாக்கத்துல மாட்டிக்கினு கீது," என்று சொல்லிவிட்டு விசில் அடித்தார்.

அடுத்ததும் அப்பா வண்டி இல்லை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. கயல் கையில் இருந்த இயற்பியல் ரெக்கார்ட் நோட்டால் விசிறிக்கொண்டு நின்றாள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அப்பாவின் வண்டி வந்தது. பின் படிக்கட்டில் ஏறினோம்.

அப்பா எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"ஒண்ணும் இல்ல நைனா. காலேஜ் விஷயம்," என்றாள் கயல்.

"உள்ள வா. படில நிக்காத. டிக்கெட், டிக்கெட். பெரியவரே, குளத்துக்கா? சில்லறையா குடு." விரல் இடுக்கில் டிக்கெட் கட்டு, காதில் பேனா. "இன்னாடா சொன்னாங்க? தர்றாங்களா?"

கூட்டத்துக்கு நடுவே நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார். மயிலாப்பூர் குளத்து ஸ்டாப்பில் பாதிப் பேர் இறங்கினார்கள், அதைவிட அதிகம் பேர் ஏறினார்கள். அவர் முன்னால் போய்விட்டுத் திரும்பி வரும் வரைக்கும் காத்திருந்தோம்.

"அப்ப இது வேணும்னா அது போச்சு," என்றார்.

"ஆமா நைனா."

"அது கிடைக்கலன்னா இதுவும் போச்சு."

"ஆமா."

"அப்ப வேணாம். பி.எஸ்ஸி. படி. பி.எட். பண்ணு. வீட்லேர்ந்து போய் வர்ற தூரத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சரா போ. எவனும் உன்ன ஒரு கேள்வி கேக்க மாட்டான்." விசிலை வாய்க்குக் கொண்டு போனார்.

ஜன்னலோரம் பிரீஃப்கேஸோடு உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். "கண்டக்டர் சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்னா போகட்டும். வேற எதுவும் வேஸ்ட். என் மச்சான் பையன் அமெரிக்கால இருக்கான்."

"சிவில் வேணுமாம் சார்."

"சிவிலா? பொண்ணா?"

கீரைக் கூடையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அவரைப் பார்த்தாள். "இன்னா நைனா, பொண்ணுன்னா இன்னா? கல்லு சொமக்குறது எல்லாம் நாங்கதான. அது படிக்கிறேன்னுதான சொல்லுது. ஓடிப் போறேன்னா சொல்லுது?"

பிரீஃப்கேஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மந்தைவெளி தாண்டிக் கொஞ்சம் நெரிசல் குறைந்ததும் என் பக்கம் வந்து கம்பியில் சாய்ந்து நின்றார்.

"நீ சொல்லுடா. நீதான அங்க போய்ப் பாத்தவன். இவளால முடியுமா?"

ஐந்து வருடத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தெரியாது நைனா," என்றேன். "என்னால முடியல. அதை வச்சு இவளுக்குச் சொல்ல முடியாது. எனக்கு மொத வாரமே புரியல. ரெண்டு வருசம் உன்கிட்ட சொல்லாம இருந்தேன். நீ வண்டில எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தியா, எப்பிடிச் சொல்றது. இவ அப்பிடி இல்ல. இவளுக்குப் புரியலன்னா புரியலன்னு தெரு பூரா கேக்கச் சொல்லுவா."

அப்பா பணப்பைக்குள் கையை விட்டுச் சில்லறையைக் கிளறிக்கொண்டிருந்தார். எண்ணவில்லை, வெறுமனே கிளறினார்.

கயல் அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தாள். கீரைக்கார அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரெக்கார்ட் நோட்டை மடியில் வைத்து, அதன் மேல் அந்த வெள்ளைத் தாளை விரித்தாள். அந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து முழங்கைக்கு இடம் விட்டாள். வண்டி பாலத்தில் குதித்துக் குதித்துப் போனது. பெறுநர், பொருள், ஐயா என்று ஒவ்வொரு வரியாக எழுதினாள். எழுத்து மேலும் கீழுமாகக் கோணிக்கொண்டு போயிற்று. என் மகள் த. கயல்விழியின் சேர்க்கையை ரத்து செய்து அசல் சான்றிதழ்களைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் எழுதி முடிக்க இரண்டு ஸ்டாப் ஆனது. எழுதியதை அப்பாவிடம் நீட்டினாள்.

"படி நைனா. வேணாம்னா கிழிச்சுப் போடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை கிளாஸுக்குப் போறேன்."

அப்பா வாங்கிப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். அடையாறில் வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "இன்னா தங்கவேலு, ரைட்டா?" என்றார்.

"இரு நைனா," என்று குரல் கொடுத்துவிட்டு, அப்பா தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதுல காரணம் ஒண்ணும் போடலியே. குடும்பச் சூழ்நிலை, அப்பிடி எதுனா போடணும்ல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வேணாம்," என்று கயல் தாளை வாங்கி, நடுவில் இருந்த இடைவெளியில் நுணுக்கி எழுதினாள். பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ள இருப்பதால்.

அப்பா அதையும் படித்தார். "கிடைக்கலன்னா?"

"அடுத்த வருசம் இங்கயே அப்ளிகேஷன் வாங்குவேன். இந்த வருசம் டைப்ரைட்டிங் போறேன்."

"ஒரு வருசம் சும்மா இருந்தியான்னு எல்லாரும் கேப்பானுங்க."

"கேக்கட்டும்."

தாளை இரண்டாக மடித்து அவள் கையில் வைத்தார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "எதுத்தாப்ல போய் நில்லுங்க. மொத வர்ற வண்டில ஏறாத, ரொம்பி வரும். அடுத்தது காலியா வரும். மூணே முக்காலுக்குள்ள லஸ்ஸுல இருக்கணும்." நாங்கள் இறங்கியதும் விசில் கேட்டது. சரி என்று அவர் வாயால் சொல்லவே இல்லை.

முதல் வண்டியிலேயே ஏறினோம். காத்திருக்கத் தைரியம் இல்லை. தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மூன்று நாற்பது.

ராஜகோபாலன் கடிதத்தைக் கையில் வாங்கியதும் புருவத்தைத் தூக்கினார். "இது என்ன, பல்லாங்குழி ஆடிண்டே எழுதினாப்ல இருக்கு?"

"பஸ்ல எழுதினது சார்."

"அப்பா கையெழுத்து மட்டும் நேரா இருக்கே?"

"அவரு வீட்ல போட்டாரு. படிச்சும் பாத்துட்டாரு," என்றாள் கயல்.

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நிஜமாத்தான் சொல்றியா குழந்தே? இந்த சீட்டு நல்ல சீட்டு."

"தெரியும் சார்."

பீரோவைத் திறந்து கவரை எடுத்துக் கொடுத்தார். ரெஜிஸ்டரில் அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார். அடித்த கையோடு வராந்தாவைப் பார்த்து, "சிம்ரா, டாட்டர் ஆஃப் அப்துல் வஹீத்," என்று கூப்பிட்டார்.

வஹீத் பாய் எழுந்த வேகத்தில் தொப்பி நழுவியது. அறைக்குள் வந்து, எங்களையும் மேஜையில் இருந்த கடிதத்தையும் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"நீங்கதானா தம்பி அது? காலைல என் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தீங்க."

"ஆமா பாய். அப்ப முடிவாகல."

"உங்க தங்கச்சிக்கு அங்க சீட்டு உறுதியா?"

"இல்ல."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. ராஜகோபாலனைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "எங்களுக்காக ஒண்ணும் இல்லியே இது? நான் காலைல ஏதேதோ பேசிட்டேன். அத மனசுல வச்சுகினு..."

"உங்களுக்காக இல்ல பாய். அவளுக்கு வேற வேணும். அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அது உண்மை.

கயல் தன் ரெக்கார்ட் நோட்டை சிம்ராவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மொத எக்ஸ்பெரிமென்ட் எழுதியாச்சு, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடு. அந்த மேடம் கிழிச்சது தெரிஞ்சா திட்டும். தெரியாம கிழி."

"எந்த மேடம்?"

"பச்சைக் கண்ணாடி. கோவம் வரும், ஆனா நல்லா சொல்லித் தரும்."

சிம்ரா நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்து நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டார். மாணவரோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். என்னைப் போல முன்னூறு பேராவது நின்றிருப்பார்கள். உள்ளே பெரிய டி.வி.யில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடுகிறது என்றும், ஒவ்வொருவர் எடுக்க எடுக்க எண் குறைகிறது என்றும் வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். கம்ப்யூட்டர் முடிந்துவிட்டது என்று காலையிலேயே ஒருவர் அழுதார். பன்னிரண்டு மணிக்கு, சிவில் நம்ம ஊர்ப் பக்கம் எதுவும் இல்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனார். அதற்கப்புறம் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கயல் கையில் ஒரு தாள் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"சிவில்," என்றாள். "விருதுநகர் தாண்டி. நாங்க உள்ள போறப்ப ரெண்டு இருந்துச்சு. எனக்கு முன்னாடி இருந்தவன் எடுத்துட்டான். எனக்குக் கடைசி."

"நைனா இன்னா சொன்னாரு?"

"கவுன்சலிங் சார் என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி இவரு போய் பஸ் வசதி எப்பிடின்னு கேட்டாரு. பின்னாடி இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க."

சைதாப்பேட்டை வண்டியில் மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. சொந்தச் சட்டையில், பை இல்லாமல், அப்பா வேறு யாரோ மாதிரி இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் பேச ஆரம்பித்தார்.

"மதுரை வரைக்கும் ஒரே வண்டி. நைட்டு ஏறினா காலைல எறக்கி வுட்ருவான். அங்கேர்ந்து விருதுநகருக்குப் பத்து நிமிசத்துக்கு ஒரு வண்டி. விருதுநகர்லேர்ந்து டவுன் பஸ். காலேஜ்லேர்ந்து கெளம்பற கடைசி வண்டி ராத்திரி ஒன்பது மணிக்காம். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க."

"நான் ஹாஸ்டல்ல இருக்கப் போறேன் நைனா. கடைசி வண்டி எனக்கு எதுக்கு?"

"வர்றதுக்குத்தான்." அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னார். "புரியலன்னாலும் சரி, புடிக்கலன்னாலும் சரி, ஏறி வந்துடு. எத்தினி மணியானாலும் வா. லெட்டர் எல்லாம் எழுதிக்கினு இருக்காத. நேரா வந்து என்னாண்ட சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"சரி நைனா," என்றாள் கயல்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டர் வந்தபோது, "ஸ்டாஃபு" என்று தன்னைச் சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினார். கயலுடையதை அவள் கையில் கொடுத்தார். என்னுடையதை என் சட்டைப் பைக்குள் அவரே வைத்தார்.

வீட்டுக்குப் போனதும் படுத்துத் தூங்கினேன். ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் இருந்தது.